சக்கரம் வைத்த வீடும் கறிவேப்பிலை டின்னும்

1

இந்த நாட்டுக்கு வந்து இருபத்து நான்கு வருடம் நிறைந்த வாரத்தில், இங்கே இன்னும் ஒரு வருடம் இருக்கலாமா என்று கேட்பதற்காக வரிசையில் நின்றேன். நான் சுற்றுலா வந்தவள் இல்லை. புதுக்கோட்டையில் கழுத்தை நீட்டி, மலேசியாவின் கோல சிலாங்கூரில் குடித்தனம் நடத்தி, ஒரே மகளை வளர்த்து ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பியும் ஆயிற்று. ஆனால் குடிநுழைவு அலுவலகத்தைப் பொறுத்தவரை நான் இன்னும் வந்து போகிற ஆள்தான். நிரந்தரவாசத்துக்குப் போட்ட விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது. அது வரும்வரை மனைவிக்கான பாஸைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒவ்வொரு முறையும் என் வீட்டுக்காரரும் கூட வர வேண்டும். அவர் இங்கே பிறந்தவர். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, இவள் என் மனைவிதான், என்னோடுதான் இருக்கிறாள் என்று முகத்தைக் காட்ட வேண்டும். பெயர் முனியாண்டி. எண்ணெய் எடுக்கும் செம்பனைப் பழத்தை முப்பது வருடம் லோரியில் ஓட்டி ஓய்ந்தவர். அலுவலகத்துக்குப் போகும்போது மட்டும் சட்டையை உள்ளே விட்டுக்கொள்வார்.

கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு எங்கள் மகளைவிட வயது குறைவு. என் பாஸ்போர்ட்டில் முதல் முத்திரை விழுந்தபோது அவள் பிறந்திருக்க மாட்டாள். விண்ணப்பத்தின் முகவரிக் கட்டத்தில் விரலை வைத்து, "சாமா?" என்றாள். அதே முகவரிதானா என்று மலாயில் கேட்கிறாள். நான் தலையாட்டினேன். அந்த முகவரிக்கு அத்தாட்சியாகப் புது மின்சார பில் வேண்டும் என்றாள். இவர் பத்திரமாக உறையில் போட்டு எடுத்து வந்திருந்தது போன வருடத்துத் தண்ணீர் பில். மூன்று வாரம் கழித்து வரச் சொல்லிவிட்டாள்.

நான் வெளியே வந்து பொரிந்து தள்ளினேன். முதல் நாளே மேசைமேல் எடுத்து வைத்திருந்தேனே, கண் எங்கே போயிற்று என்று கேட்டேன். அவர் பிக்கப்பைக் கிளப்பிக் கொஞ்ச தூரம் போன பிறகுதான் பேசினார்.

"செல்வி, ஈஜோக் வழியா போலாம் லா. அஞ்சு நிமிசம். ஒரு சாமான் பாக்கணும்."

2

ஈஜோக்கில் ஷேக் பாய்க்குச் சின்னதாக ஒரு செம்பனைத் தோட்டம் உண்டு. பாய் டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். என் வீட்டுக்காரர் லோரி ஓட்டிய காலத்தில் தினமும் காலையில் பசியாறியது அவர் கடையில்தான். பசியாறுவது என்றால் இங்கே காலை உணவு. வந்த புதிதில் யாராவது "பசியாறிட்டியாம்மா?" என்று கேட்டால், என் முகத்தில் அவ்வளவு பசியா தெரிகிறது என்று எனக்குக் கூச்சமாக இருக்கும்.

தோட்டத்துத் தகரக் கொட்டகையில் லோரிப் படுதாவை விலக்கி பாய் காட்டியது ஒரு கேரவன். வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகிற வீடு. சாதாரணக் கேரவன் இல்லை, ஆஸ்திரேலியாவின் பாலைவனத்துக்கென்று செய்தது. முன்பக்கம் கல் தெறித்தால் தாங்கக் கம்பி வலை. கூரை முழுக்க சோலார் தகடு. இரண்டு தண்ணீர்த் தொட்டி. உள்ளே இரட்டைக் கட்டில், குளியலறை, குட்டியாய் ஒரு துணி துவைக்கும் இயந்திரம். செம்மண் புழுதி நுழையாதபடி ஒவ்வொரு ஜன்னலுக்கும் ரப்பர் பட்டை. புழுதியே இல்லாத ஊரில், வாரத்துக்கு நாலு நாள் மழை பெய்கிற இடத்தில், செம்பனை மட்டைகளுக்கு நடுவே அது நின்றுகொண்டிருந்தது.

"தண்ணி என்னா குடிக்கிறீங்கம்மா? தேத்தண்ணியா, கோப்பியா?" என்று கேட்டுவிட்டு பாய் பக்கவாட்டில் ஒரு கதவைத் தூக்கினார். உள்ளேயிருந்து எவர்சில்வர் அடுப்பும் மேடையும் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தன.

"சமையல் வெளியவா பாய்?"

"ஆமாம்மா. காத்தோட்டமா நின்னு சமைக்கலாம்."

"இத ஏன் விக்கிறீங்க?"

பாய் என் வீட்டுக்காரரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு உண்மையைச் சொல்லிவிட்டார். "ரெண்டு தடவதான் போனோம். மொதல்ல உலு யாம் ஆத்துப் பக்கம். அப்புறம் கெர்லிங் மேல. எங்க வூட்டுல, காட்டுல அட்ட கடிக்க நின்னு உங்களுக்கு நான் தேத்தண்ணி கலக்கணுமா, கடையிலயும் சட்டி, வூட்டுலயும் சட்டி, இங்கயுமான்னு கேட்டாங்க. அதோட சரி."

முகம் தெரியாத அந்த அம்மாவை எனக்கு அப்போதே பிடித்துப் போயிற்று.

என் வீட்டுக்காரர் இதையெல்லாம் காதில் வாங்கவில்லை. குனிந்து சக்கரத்துக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தார். "ரோட்டுக்கு மட்டும் இல்ல செல்வி. ஆறு, மணலு, மேடு, எல்லாத்துலயும் போவும். ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியா ஏறி எறங்கும். இதுக்குள்ள ஒரு கிளாசு தண்ணி வச்சாக்கூட சிந்தாது."

"எங்க போறதுக்கு?"

"எங்க வேணும்னாலும்."

விலையைக் கேட்டேன். பாய் சொன்னார். சேமநிதியில் இருப்பதையெல்லாம் துடைத்து எடுத்தாலும் பாதிதான் தேறும். எங்கள் பழைய பிக்கப் இதை இழுக்காது, அதையும் மாற்றியாக வேண்டும். பின்வண்டிக்குத் தனிப் பதிவு, தனிக் காகிதம். மீதிப் பணத்துக்கு வழி என்ன என்று நான் கேட்கும் முன்பே அவர் சொன்னார்.

"வூட்ட வித்துடலாம். இனிமே அது எதுக்கு நமக்கு? பாப்பா வரப் போறதில்ல. இதுதானே வூடு."

3

உள்ளே போய் நல்லாப் பார் என்று அவர் சொன்னதால் ஏறினேன். கொட்டகையில் பாதி வண்டிதான் அடங்கியிருந்தது, கதவு இருந்த பக்கம் வெளியே. நான் ஏறியதும் மழை பிடித்துக்கொண்டது. இங்கே மழை தூறி, யோசித்து, பிறகு பெய்வதில்லை. ஒரேயடியாகக் கொட்டும். சாரல் உள்ளே அடிக்காமல் இருக்க நான் கதவை இழுத்துச் சாத்தினேன். ஆண்கள் இருவரும் கொட்டகைக்குள் ஓடிவிட்டார்கள்.

உள்ளே மழைச் சத்தம் பாதியாய்க் குறைந்தது. கட்டிலில் உட்கார்ந்தேன். மெத்தை நன்றாக இருந்தது. பொய் சொல்வானேன், எனக்கும் ஆசை வந்தது. தலைமாட்டில் ஜன்னல், கைக்கெட்டும் தூரத்தில் விளக்கு, எந்த உறவுக்காரரும் எட்டிப் பார்க்க முடியாத உயரம். கல்யாணமாகி வந்த புதிதில் எங்களுக்கென்று ஓர் அறை கிடையாது. மாமியார் புடவையைக் கட்டித் தடுத்த ஒரு மூலைதான். இந்தக் கட்டில் அந்த மூலையைவிடப் பெரிது. இதில் படுத்துக்கொண்டு கடல் ஓரமாகவே போனால் என்ன என்று கொஞ்ச நேரம் நானும் ஊர் ஊராகப் போய் வந்தேன்.

மழை சற்றுக் குறைந்ததும் இறங்கலாம் என்று கதவின் பிடியைத் திருகினேன். திறக்கவில்லை. மறுபக்கம் திருகினேன். அதுவும் இல்லை. தட்டினேன், கூப்பிட்டேன். கொட்டகைத் தகரத்தில் அடித்த மழையில் என் குரல் அவர்களுக்கு எட்டவில்லை. ஜன்னல் வழியே இருவரும் தெரிந்தார்கள். பாய் எதையோ விளக்க, இவர் தலையாட்டிக்கொண்டிருந்தார். சிரித்துக்கொண்டும் இருந்தார். நான் கண்ணாடியைத் தட்டத் தட்ட அவர் சிரித்துப் பேசிக்கொண்டே இருந்தார். உள்ளே புழுக்கம் ஏறியது. கட்டிலிலிருந்து கதவுக்கு ஆறு எட்டு, கதவிலிருந்து கட்டிலுக்கு ஆறு எட்டு. எவ்வளவு நேரம் நடந்தேன் என்று தெரியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, அழுதேன்.

மழை விட்ட பிறகுதான் அவர் வந்து திறந்தார். பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். "அடடா, சொல்ல மறந்துட்டேன்மா. அந்தக் கொண்டி உள்ள இருந்து தொறக்காது, வெளிய இருந்துதான் தொறக்கணும். சாமான் மாத்தணும்."

"சின்ன வேலதான், நானே செஞ்சிருவேன்" என்றார் இவர்.

வெளியே இருப்பவர் வந்து திறந்துவிட வேண்டிய கதவு. இருபத்து நான்கு வருடமாக எனக்குப் பழக்கமான கதவுதான். தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டேன்.

4

அவர் பக்கத்தையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் அவரை வயதான காலத்தில் பொம்மை கேட்டு அடம் பிடிக்கிறவர் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

முப்பது வருடம் அவர் ஓட்டியது ஒரே வழிதான். தோட்டத்திலிருந்து ஆலைக்கு, ஆலையிலிருந்து தோட்டத்துக்கு. சக்கரம் சுற்றிய தூரத்தைச் சேர்த்தால் உலகத்தையே பல முறை சுற்றியிருப்பார். பார்த்ததோ செம்பனை மட்டும். வடக்கே பினாங்குக்கு ஒரு முறை போயிருக்கிறோம், அதுவும் ஒரு சாவுக்கு.

இன்னொன்றும் உண்டு. அவர் பிறந்தது தோட்டத்து லயத்தில். லயம் என்பது வரிசையாய் ஒட்டிக் கட்டிய கம்பெனி வீடுகள். வேலை இருக்கும்வரை வீடு, வேலை போனால் வீடும் போயிற்று. தோட்டம் கைமாறி, நிலம் வீடு கட்டி விற்கிறவர்களுக்குப் போனபோது, எல்லோரையும் காலி செய்யச் சொன்னார்கள். தோட்டத்துக் கணக்கரான கிராணியின் மேசையில் இவருடைய அப்பா சாவியை வைத்துவிட்டு, நாற்பது வருடம் இருந்த வீட்டுக்கு நன்றி சொன்னாராம். சாவியை வைத்ததைவிட அந்த நன்றியைத்தான் இவரால் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை.

அந்த லயத்து ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. செடியை மண்ணில் வைக்க மாட்டார்கள். மண் கம்பெனியுடையது. டின், உடைந்த வாளி, பழைய டயர், இதில்தான் மிளகாயும் துளசியும் கறிவேப்பிலையும் வளரும். போகச் சொன்னால் தூக்கிக்கொண்டு போகலாம். என் மாமனார் மட்டும் ஆசைப்பட்டு ஒரு மாங்கன்றை மண்ணில் வைத்தார். அது புல்டோசருக்குப் போயிற்று. மாமியார் எண்ணெய் டின்னில் வைத்த கறிவேப்பிலை லோரியில் ஏறி எங்களோடு வந்தது.

இப்போது இருக்கும் இந்த வரிசை வீடு கடனெல்லாம் அடைத்த சொந்த வீடு. பின்னால் நல்ல மண். ஆனாலும் இன்று வரை எல்லாச் செடிகளும் டின்னில்தான் இருக்கின்றன. இந்த வீட்டுக்கு வந்த புதிதில் நான் ஒரு முருங்கைக் குச்சியை மண்ணில் ஊன்றினேன். மறுநாள் அது ஒரு பெயின்ட் வாளியில் நின்றது. கேட்டால் சிரிப்பார்.

ஆக, யாரும் காலி செய்யச் சொல்ல முடியாத வீடு ஒன்று அவருக்கு வேண்டியிருந்தது. சொல்வதற்குள் அவரே ஓட்டிக்கொண்டு போய்விடலாம். இது எனக்குப் புரியாமல் இல்லை.

5

மெல்போர்னில் இருக்கும் மகள் தர்ஷினியை அழைத்தேன். அவள்தான் அப்பாவுக்குக் கேரவன் வீடியோக்களாக அனுப்பி இந்தப் பைத்தியத்தை ஏற்றிவிட்டவள்.

"அம்மா, அப்பா ஹேப்பியா இருந்தா சரி லா. லைஃப் லாங் உழைச்சிட்டாரு."

"வீட்ட விக்கிறேங்கிறாருடி."

"ம்ம். ரெண்டு பேருக்கு அந்த வீடு டூ மச் தானேம்மா? கிளீன் பண்றதும் கஷ்டம்."

"தீபாவளிக்கு நீ வந்தா எங்க வருவ?"

"நாங்க ஹோட்டல்ல தங்கிப்போம்மா. அதான் ஈஸி. போன தடவயே அப்படித்தான் யோசிச்சோம், நீங்க பீல் பண்ணுவீங்கன்னு சொல்லல."

அவள் மனசு கெட்டவள் இல்லை. நினைத்ததை அப்படியே சொன்னாள். அவள் அறையில் இன்னும் அவள் பள்ளிக்கூடப் பையை மாட்டி வைத்திருக்கிறேன் என்பதை நானும் அவளிடம் சொன்னதில்லை.

புதுக்கோட்டை வீட்டிலும் எனக்கு அறை கிடையாது. அப்பா போன பிறகு என் அறை தம்பியின் செல்போன் கடைக்குக் கிடங்காகிவிட்டது. அங்கே போனால் வாசலில் செருப்பைக் கழற்றும் முன் கேட்கும் முதல் கேள்வி, "எத்தன நாள் லீவு?" போன முறை பேச்சுவாக்கில் சடக்கு என்றுவிட்டேன். இங்கே தார் ரோட்டை அப்படித்தான் சொல்வார்கள். தம்பி மகள் சிரித்துவிட்டு, "மலேசியா அத்த தமிழ மறந்துட்டாங்க" என்றாள். இங்கே இருபத்து நான்கு வருடம் கழித்தும் என்னை அடையாளம் சொல்வது "முனியாண்டியோட ஊர்க்காரப் பொண்டாட்டி" என்று. ஊர்க்காரி என்றால் இங்கே இந்தியாவிலிருந்து வந்தவள். நான் இரண்டு பக்கமும் விருந்தாளி. விருந்தாளிக்கும் படுக்க ஓர் இடம் வேண்டும், எனக்கு இருப்பது இந்த வரிசை வீடு மட்டும்தான். அதுவும் அவர் பெயரில் இருக்கிறது. விற்க என் கையெழுத்துகூட வேண்டாம்.

6

அடுத்த வாரம் வீடு பார்க்க ஓர் ஆள் வருவதாகச் சொன்னார். அன்று மத்தியானம் மின்சார பில்லைத் தேடுகிற சாக்கில் என் பாஸ் காகிதங்கள் இருந்த கோப்பை எடுத்துப் போட்டேன். அதில் ஒவ்வொரு வருடமும் அவர் கையெழுத்துப் போட்ட உறுதிக் கடிதம் இருக்கிறது. அவர் மலாய் பேசினால் மலாய்க்காரர்களே அசந்து போவார்கள், ஆனால் காகிதம் என்றால் படிக்காமல் கையெழுத்துப் போடுவார். எனக்குப் பேச்சு இன்னும் தடுக்கும், காகித மலாய் மட்டும் தண்ணீர் பட்ட பாடு. வேறு வழி இருக்கவில்லை.

"இந்த வரியப் படிங்க" என்றேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். மேலே சொன்ன முகவரியில் இவளுக்குத் தங்குமிடம் தருவேன், திருப்பி அனுப்ப நேர்ந்தால் செலவை ஏற்பேன் என்று இருந்தது.

"இதெல்லாமா எழுதியிருக்கு?"

"இருபத்து நாலு வருசமா எழுதியிருக்கு. மேல சொன்ன முகவரின்னா எது? ஒவ்வொரு ராத்திரியும் ஒவ்வொரு ஆத்தங்கரையில நின்னா அந்தக் கட்டத்துல நான் என்ன எழுதறது?"

அவர் யோசித்தார். "பாய்கிட்ட கேட்டு அவரு தோட்டத்து அட்ரஸ போட்டுக்கலாம்."

"பாய் தோட்டத்துல நான் யாருங்க?"

அவர் கோப்பை மூடி என் பக்கம் நகர்த்தினார். "அப்ப உனக்காக நான் இங்கயே கெடக்கணும்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் திருப்பிக் கொடுத்திருப்பேன். அவர் சாதாரணமாகச் சொன்னார்.

இரண்டு நாள் நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் காலையில் அவர் பின்பக்கம் செடிகளை பிக்கப்பில் ஏற்ற ஆரம்பித்தார். வீடு பார்க்க வருகிறவருக்கு இடம் சுத்தமாக இருக்கட்டும், செடிகள் பாய் தோட்டத்தில் இருக்கட்டும் என்றார். மிளகாய் ஏறியது, துளசி ஏறியது, முருங்கை வாளியும் ஏறியது. கடைசியாகக் கறிவேப்பிலை டின்னைக் கட்டிப் பிடித்துத் தூக்கினார். அது அசையவில்லை. இன்னொரு முறை மூச்சைப் பிடித்துத் தூக்கியதில் டின்னின் ஓரம் துருவாக உதிர்ந்து கையோடு வந்தது. குனிந்து பார்த்தார். அடித்தகரம் எப்போதோ போய்விட்டிருந்தது. என் மணிக்கட்டுப் பருமனில் வேர் நேராக மண்ணுக்குள் இறங்கியிருந்தது.

அவர் அம்மா வைத்த செடி. லயத்திலிருந்து அவர் தூக்கி வந்ததில் மிஞ்சியது அது ஒன்றுதான். வெகுநேரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து போய் பாராங் கத்தியை எடுத்து வந்தார். வேருக்கு நேரே கத்தியை வைத்துவிட்டு, வாசற்படியில் நின்ற என்னைப் பார்த்தார்.

"வெட்டுனா பொழைக்குமா?"

கறிவேப்பிலை எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். வேரை எங்கே வெட்டினாலும் வெட்டின இடத்திலிருந்து கிளம்பும். புதுக்கோட்டையில் என் அம்மா வேரோடு ஒரு துண்டை வெட்டித் தெருவுக்கே கொடுப்பார். டின்னில் இருப்பதும் பிழைக்கும், மண்ணில் விட்டதும் முளைக்கும். எனக்கு அது நன்றாகத் தெரியும். வீட்டில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவள் நான் என்பதால்தான் என்னைக் கேட்டார்.

"பொழைக்காது" என்றேன்.

கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் நான் சொன்ன பெரிய பொய் அதுதான். அவர் கத்தியைத் துடைத்து இருந்த இடத்திலேயே மாட்டினார். பிக்கப்பிலிருந்து மிளகாயை இறக்கினார், துளசியை இறக்கினார், முருங்கையை இறக்கினார். பிறகு உள்ளே வந்து பாய்க்குப் போன் போட்டு, வேணாம் பாய், வேற ஆளுக்குக் குடுத்துருங்க என்று மட்டும் சொன்னார். அன்று பகல் சாப்பாட்டில் ரசத்துக்குக் கறிவேப்பிலை போட எனக்குக் கை வரவில்லை.

7

மூன்று வாரம் கழித்து அதே அலுவலகம், அதே கவுண்டர், அதே பெண். இந்த முறை மின்சார பில்லை நானே கைப்பையில் வைத்திருந்தேன். இவர் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். வரும் வழியில் ஈஜோக் முனை வந்தபோது அவர் தலையைத் திருப்பவில்லை. நான்தான் திரும்பிப் பார்த்தேன்.

ஜெயித்தவள் நான். என் பொருட்டு ஒரு காரியம் நடக்காமல் நின்றது என் வாழ்க்கையிலேயே இது முதல் தடவை. சந்தோஷமாக இருக்க வேண்டியதுதானே. இல்லை. கேரவனுக்குள் நடந்தது போல மனசு கட்டிலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தது. வெளியே நின்று கொண்டியைப் போட்டவள் இந்த முறை நானே.

அந்தப் பெண் முகவரிக் கட்டத்தில் விரலை வைத்தாள்.

"சாமா?"

எப்போதும் நான்தான் தலையாட்டுவேன். அன்று எனக்குத் தலை ஆடவில்லை. இப்போதாவது அவரிடம் சொல்லிவிடலாமா, அது பிழைக்கும், வெட்டினாலும் பிழைக்கும் என்று சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் பேசிவிட்டார்.

"சாமா" என்றார். பிறகு யாரும் கேட்காமலேயே, இனிமேலும் மாறாது என்று மலாயில் சொல்லி, அந்தச் சின்னப் பெண்ணுக்கு நன்றி சொன்னார்.

அவள் முத்திரை குத்தினாள். என் பெயர் போட்டு ஒரு வருடத்துக்கு பாஸ் கிடைத்தது. அவருக்கு எத்தனை வருடம் என்று காகிதத்தில் போடவில்லை.